பனியன் நகரத்துக்கு முகம் வேண்டும்

மறுபடியும் கேமராவைக் கையில் எடுக்க நினைப்பவர்களுக்குத் திருப்பூரில் வேலை காத்திருக்கிறது. ஆனால் ஆசையோடு கணக்கும் கூடவே வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய ஊர், இன்றைக்குத்தான் குளித்துத் தலை சீவி வெளியே வந்திருக்கிறது. குமரன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. கொடி காத்த குமரன் நினைவிடத்தை ஒட்டி நாலு பையன்கள். பேச்சு ஒடியாவா, ஹிந்தியா என்று காதில் விழுவதற்குள் பஸ் ஹாரன் அமுக்கிவிடுகிறது. ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறான்; மூன்றாமவன் செல்போனைத் தூக்குகிறான். ஒரே கண்ணாடி நாலு முகத்துக்கும் சுற்றி வருகிறது. படம் அந்த நிமிஷமே ஊருக்குப் போய்ச் சேர்கிறது.

கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டுடியோ. வாசல் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு எல்லாம் முடிந்து, கடைசி வரியில்தான் ‘போட்டோ’. உள்ளறையில் நீலத் திரை, குடை லைட், சுவரில் கண்ணாடி, அதன் கீழே ஊருக்கே பொதுவாய் ஒரு சீப்பு. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள் சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்வதற்கு. உலகத்துக்கே அளவு பார்த்துத் தைக்கும் ஊரில் இந்தக் கோட்டுக்கு மட்டும் அளவு கிடையாது. எட்டு காப்பி வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கப் பத்து நிமிஷம் போதும்.

செல்போன் படம் ஒரு பக்கம், எட்டு காப்பி மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. ஒருவரை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, வெளிச்சம் பார்த்து, ‘இதுதான் இவர்’ என்று சொல்லும்படி எடுக்கும் முகப்படம். போர்ட்ரெய்ட்.

அந்த இடத்துக்குத் திரும்பி வரலாமா என்று யோசிப்பவர்கள் பனியன் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். கல்லூரி நாளில் கேமராவோடு சுற்றிவிட்டு மெர்ச்சன்டைசர் மேஜையில் உட்கார்ந்தவர், அப்பாவின் ஸ்டுடியோவை மூடிவிட்டுக் கட்டிங் மாஸ்டர் ஆனவர், குழந்தை பிறந்ததும் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிய பெண் எனப் பல ரகம். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியபோது, மாதச் சம்பளத்தை மட்டும் நம்பலாமா என்ற கேள்வி இந்த ஊரில் எல்லா மேஜைக்கும் வந்தது. பழைய ஆசைகள் அப்போதுதான் தூசு தட்டப்படுகின்றன.

■ பெட்டிச் செய்தி: திருப்பூர், சில தேதிகள்

• 1925: திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டு. தொடங்கியவர் குலாம் காதர்.
• 1984: பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம்.
• 1990: திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது.
• 2009: திருப்பூர் தனி மாவட்டம் ஆனது.
• 2011 ஜனவரி: நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகள் மூடல்.
• 2024-25: பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊருடையது.

பரணில் ஏறிய கேமரா

தமிழ்நாட்டுக்கு கேமரா புதிதல்ல. சென்னையில் 1856-லேயே போட்டோகிராபிக் சங்கம் வந்துவிட்டது. அதே காலத்தில்தான் லின்னேயஸ் ட்ரைப் மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார். பிறகு ஊர் ஊராக ஸ்டுடியோக்கள் வந்தன. வரைந்த திரை, மரத்தூண், பூச்சாடி, கையில் புத்தகம். கல்யாண ஜோடி, மொட்டை போட்ட குழந்தை, சடங்குக்கு உட்காரவைத்த பெண் எல்லோரும் அந்தத் திரைக்கு முன்னால் மூச்சைப் பிடித்து நின்றார்கள். நெகட்டிவ்வில் பென்சிலால் பரு மறைப்பதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் தனிக் கலைகள்.

அந்தப் படங்களில் பெரும்பகுதி கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஸோயே ஹெட்லியின் குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, செல்போன் வந்தது. ஆதார் மையத்திலும் பாஸ்போர்ட் சேவை மையத்திலும் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டுடியோவின் அன்றாடச் சோறு அதோடு போனது. கல்யாண ஆர்டர் பிடிக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். முடியாதவர்களின் கேமரா பரணில் ஏறியது.

திரும்பியவர்கள் இருக்கிறார்கள்

வயதாகிவிட்டது, வேறு தொழிலுக்குப் போயாகிவிட்டது என்பதெல்லாம் போட்டோகிராபியில் எடுபடாத சாக்கு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரான் கையில் முதல் கேமரா வந்தபோது அவருக்கு 48 வயது. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. கோழிக்கூண்டாக இருந்த கொட்டகையையே ஸ்டுடியோவாக்கினார். கவிஞர் டென்னிசனும் விஞ்ஞானி ஹெர்ஷலும் அவர் எடுத்த முகங்களாகத்தான் இன்றைக்கும் நினைவில் நிற்கிறார்கள். 1875-ல் கணவரின் காப்பித் தோட்டம் இருந்த இலங்கைக்குக் குடிபோனவர், அங்கே தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1879-ல் இலங்கையிலேயே இறந்தார்.

போட்டோகிராபர் ரகு ராய் சிவில் இன்ஜினீயரிங் படித்தவர். செபாஸ்தியாவ் சல்காடோ லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் பொருளாதார நிபுணராக இருந்தவர். மனைவி லேலியாவின் கேமராவை எடுத்துப் பழகியவர் 1973-ல் வேலையை விட்டார். இருபது வருஷம் கழித்து ‘தொழிலாளர்கள்’ என்ற அவரது பெரும் புத்தகம் வந்தபோது, தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்து முகங்களும் அதில் இருந்தன.

திருப்பூர் முக்கியமாகப் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் இருவர். முதலாமவர் லூயிஸ் ஹைன், அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காகப் பஞ்சாலைகளுக்குள் போய், தறிக்குப் பக்கத்தில் நின்ற சிறுவர் சிறுமியரை நேருக்கு நேர் எடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சில சமயம் தீயணைப்பு ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார். தன் கோட்டுப் பொத்தானைக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தை அளந்தார். பைக்குள் கையை வைத்தபடியே வயதைக் குறித்துக்கொண்டார். குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்திய 1938-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த முகங்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டாமவர் மில்டன் ரோகோவின். பஃபலோ நகரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தவர். இடதுசாரி என்று 1957-ல் விசாரணைக்கு அழைக்கப்பட்ட பிறகு தொழில் படுத்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் கேமராவை முழுமூச்சாகப் பிடித்தார். இரும்பாலைத் தொழிலாளியை முதலில் உலைக்குப் பக்கத்தில் எடுப்பார். பிறகு அதே ஆளை அவர் வீட்டுக் கூடத்தில், குடும்பத்தோடு எடுப்பார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ‘லேபர்’ என்ற சொல் மறைந்து ஒரு மனிதர் தெரிவார். ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால் ஒரு படம், லைன் வீட்டு வாசலில் ஒரு படம் என்று திருப்பூரில் ஒருவர் இதைத் தொடங்கினால், அதற்கு ஓர் ஆயுள் போதாது.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிகுமார், கழிவு அள்ளும் தொழிலாளர்களையும் உழைக்கும் பெண்களையும் தொடர்ந்து படமெடுக்கிறார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான். வட சென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைச் சென்னையில் காட்சிக்கும் வைத்தார். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா முடக்கத்தில் சொந்த ஊருக்கே திரும்பித் தன் குடும்பத்தைப் படமெடுத்தார். தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய பாட்டி பொன்னுத்தாயின் கதையும் அதன் வழியாக உலகப் பார்வைக்குப் போனது. இருவரும் சொல்லாமல் சொல்வது ஒன்றுதான்: முகம் தேடி ஊர் தாண்ட வேண்டியதில்லை.

விஸ்கோஸ் ஊரில் ஒரு ஸ்டுடியோ

தொழிற்சாலை ஊரில் போர்ட்ரெய்ட்டுக்கு மவுசு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு, மத்தியப் பிரதேசத்து நாக்தா பதில் சொல்கிறது. விஸ்கோஸ் இழை ஆலையை நம்பி வளர்ந்த ஊர். அங்கே சுரேஷ் பஞ்சாபி 1979-ல் ‘சுஹாக் ஸ்டுடியோ’ தொடங்கினார். ஊர்க்காரர்கள் உடை மாற்றி, சினிமா போஸில், நண்பனின் தோளில் கை போட்டு நின்ற படங்கள் அவரிடம் குவிந்தன. மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி அவற்றை வைத்து எழுதிய புத்தகத்தைச் சென்னை தாரா பதிப்பகம் 2013-ல் வெளியிட்டது. ஒரு சிற்றூர் ஸ்டுடியோவின் நெகட்டிவ்கள் அந்த ஊரின் வரலாறே ஆகிவிட்டன.

திருப்பூரின் நூறாண்டுத் தொழிலுக்கு அப்படி ஒரு முகத்தொகுப்பு எங்கே? முதலாளிகளின் படங்கள் சங்க அரங்குகளில் மாலையோடு தொங்குகின்றன. தைத்தவர், மடித்தவர், செக்கிங் பார்த்தவர், சாயத்தில் கை வெந்தவர் முகங்கள் அடையாள அட்டையில் தபால்தலை அளவில்தான் இருக்கின்றன.

இதன் விளைவு ஒரு சாவு விழும்போது தெரியும். ‘கண்ணீர் அஞ்சலி’ பேனருக்குப் படம் கேட்கிறார்கள். வீட்டில் தேடினால் யாருடைய கல்யாண குரூப் போட்டோவிலோ மூன்றாவது வரிசையில் ஒரு தலை இருக்கும். அதை வெட்டி, பெரிதாக்கி, முகத்தை வெளுப்பாக்கி, ரோஜாப்பூ வைத்து அச்சடிக்கிறார்கள். உழைத்துச் சலித்த ஒரு மனிதரின் முதல் பெரிய படம் அதுதான். உயிரோடு இருக்கும்போதே அப்பாவை, அம்மாவை, அப்புச்சியை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுப்பதற்கு இந்த ஊரில் ஒரு சந்தையே இருக்கிறது. கடை விரிப்பவர்தான் குறைவு.

கேட்லாக்கும் செயற்கை மாடலும்

திரும்பி வருகிறவர் முதல் மாதமே போர்ட்ரெய்ட்டில் வாடகை கட்டிவிட முடியாது. திருப்பூரில் கைச்செலவுக்குக் கை கொடுத்தது இதுவரை கேட்லாக் வேலை. காதர்பேட்டையில் சின்னக் கடை வைத்திருப்பவர்கூட ஆன்லைனில் விற்கிறார். ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் வெள்ளைப் பின்னணியில் முன்பக்கம், பின்பக்கம், காலர் குளோசப் வேண்டும். மாடலை நிறுத்தி எடுத்தால் கூலி அதிகம். தரையில் விரித்து எடுத்தால் குறைவு.

அந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறங்குகிறது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய மாடல்களைச் சோதிப்பதாக லீவைஸ் 2023-ல் அறிவித்தது. முப்பது மாடல்களின் ‘டிஜிட்டல் இரட்டையர்’களை உருவாக்குவதாக ஹெச் அண்ட் எம் 2025 மார்ச்சில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாத அமெரிக்க ‘வோக்’ இதழில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் நின்ற பெண் பிறக்கவே இல்லை. வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் ஊருக்கு இது எட்டாத செய்தியல்ல. பனியனை ஹேங்கரில் மாட்டி ஒரு படம் எடுத்துக் கொடுத்தால், அதைப் போட்டுக்கொண்டு பாரிஸ் வீதியில் நடக்கும் ஆளைக் கம்ப்யூட்டரே தந்துவிடுகிறது.

ஆகவே கேட்லாக்கை மட்டும் நம்பித் திரும்புகிறவர் சீக்கிரமே மறுபடி வீட்டுக்குப் போக நேரிடும். இல்லாத ஒரு முகத்தை மெஷின் உண்டாக்கலாம். வேலம்பாளையத்து ஓர் ஆத்தாவின் முகத்தை, அந்த ஆத்தா வந்து உட்காராமல் யாரும் எடுக்க முடியாது. கேட்லாக் சரிகிற காலத்தில் போர்ட்ரெய்ட்டின் மதிப்பு நிற்பதற்கு இதுவே காரணம்.

பைசாக் கணக்கு

ஒரு பனியனுக்கு நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா, லேபிள், அயர்ன், பேக்கிங் எனப் பைசா வரை காஸ்டிங் போடும் ஊர் இது. இந்த ஊர் போட்டோகிராபர் மட்டும் பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறாரோ அதில் ஐநூறு குறைத்துச் சொல்லிவிடுகிறார். ஆர்டர் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நஷ்டத்தில் ஓடும் தொழில் வேறெதுவும் இந்த அளவுக்கு இல்லை.

■ பெட்டிச் செய்தி: உங்கள் ஒரு நாள் என்ன விலை?

உதாரணக் கணக்கு இது. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

• கேமரா, லென்ஸ், லைட் 2,40,000 ரூபாய்; நாலு வருஷ உழைப்பு என்றால் மாதம் 5,000
• இடத்து வாடகை 10,000
• உதவியாளர் 15,000
• மின்சாரம், சாப்ட்வேர், ஹார்ட் டிஸ்க் 4,000
• பெட்ரோல் 3,000
• உங்கள் சம்பளம் 30,000
• மொத்தம் மாதம் 67,000 ரூபாய்

எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் எடிட்டிங், ஆர்டர் பிடித்தல், பிரிண்ட் வேலை என்று இன்னொரு நாள் போகும். மாதம் 12 நாள் காசு வரும் வேலை இருந்தால், ஒரு நாளின் அசல் 5,600 ரூபாயை ஒட்டி நிற்கும். அதற்குக் கீழே வாங்குவதெல்லாம் கைக்காசு.

கூடவே மூன்று விஷயம். முதலாவது, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். போட்டோகிராபி சேவைக்கு வரி 18 சதவீதம். இரண்டாவது, புது கேமராவுக்காக வட்டிக்கு வாங்குவதற்கு முன், முத்ரா திட்டத்தைப் பாருங்கள். அடமானம் இல்லாமல் ‘சிஷு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும் கடன் உண்டு. மூன்றாவது, புது கேமரா அவசரமே இல்லை. 50 எம்எம் லென்ஸ் ஒன்று, வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று, எதிர்ப்புறம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல். போர்ட்ரெய்ட்டுக்குத் தொடக்க மூலதனம் இவ்வளவுதான்.

வேலையை ஒரே நாளில் உதறுவதும் புத்திசாலித்தனம் அல்ல. திருப்பூருக்கு ஞாயிறு லீவு. உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் அன்றைக்குத்தான் லீவு. ஆறு மாத வீட்டுச்செலவு கையில் சேரும்வரை ஞாயிறு மட்டும் ஸ்டுடியோவைத் திறப்பவர், சீசன் இல்லாத மாதத்திலும் தாக்குப்பிடிப்பார்.

முகம் யாருடையது?

இதில் பலரும் சறுக்கும் இடம் சட்டம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. எடுத்தவர் அல்ல. காசு வாங்கி எடுத்த படத்தை உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால், முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு உரிமை உங்களுடையது. அது உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் நிற்கும். அப்போதும் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது வம்பு.

சட்டத்தைவிடப் பெரிது நம்பிக்கை. 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின; பயந்து ஊருக்கு ரயில் ஏறியவர்கள் பலர். அவர்கள் தங்கும் அறைக்கு கேமராவோடு போகிறவர் அதை நினைவில் வைக்க வேண்டும். பெண்கள் விடுதிகளில் கேமரா என்றாலே சந்தேகம். அதில் நியாயமும் உண்டு. கம்பெனிக்குள் பையரின் சாம்பிள் வெளியே போய்விடும் என்ற பயத்தில் வாட்ச்மேனே தடுப்பார். ஹைன் பொய் சொல்லி உள்ளே போனது குழந்தைகளைக் காப்பாற்ற. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. பெயரைச் சொல்லி, எதற்கு என்று விளக்கி, சம்மதம் வாங்கி, எடுத்த படத்தின் பிரிண்ட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். ஒரு முறை பிரிண்ட் கொடுத்தவரை அந்த லைன் வீட்டில் மறுமுறை யாரும் தடுக்க மாட்டார்கள்.

வீட்டின் கணக்கு

திரும்புவதன் செலவு கேமராவோடு முடிவதில்லை. மாதம் முதல் தேதி வந்துகொண்டிருந்த சம்பளம் நிற்கும். பிள்ளையின் ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம், வீட்டு லோன் எதுவும் நிற்காது. மனைவியிடமோ கணவரிடமோ மறைத்துத் தொடங்கிய ஸ்டுடியோ நிலைத்து ஓடுவது அரிது. அதே சமயம், திருப்பூரில் பல வீடுகளில் இருவருமே சம்பாதிப்பவர்கள் என்பது பலம். ஒருவர் கம்பெனி வேலையில் இருக்க, மற்றவர் இரண்டு வருஷம் முயன்று பார்க்கலாம். அந்த வாய்ப்பு ஆண்களுக்கே போகக் கூடாது. பெண்கள் தங்கள் படத்தை எடுக்க ஒரு பெண் கிடைத்தால் நிம்மதியாக உட்காருவார்கள். பச்சைக் குழந்தை, சீர், பாட்டி எல்லாம் பெண் போட்டோகிராபரைத் தேடி வரும்.

ஆசை இருக்கிறது, வேலை இருக்கிறது, கணக்கும் போட்டாகிவிட்டது என்றால் தயங்க வேண்டாம். திரும்பலாம் என்பதே நம் தீர்ப்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, அசலுக்குக் கீழே ஒரு படமும் எடுக்காமல், உட்கார்ந்தவருக்குப் பிரிண்ட் கொடுக்காமல் ஒரு படமும் வைத்துக்கொள்ளாமல் திரும்புங்கள்.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஊரே போனஸுக்குக் காத்திருக்கும். இந்த வருஷம் உள்ளூர் போட்டோகிராபர் ஒருவரை இரண்டு நாள் கூப்பிட்டு, உங்களிடம் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். போனஸ் கவருக்குள் அந்தப் படத்தையும் வையுங்கள். தபால் அட்டை அளவு பிரிண்ட் ஒரு டீ விலைக்குள் முடிந்துவிடும்.